கடலடிச் செய்திக்கு எந்த வழி?

மாணவர்களே, உங்கள் கைப்பேசியின் அலை கடல்நீருக்குள் ஒரு முழம்கூடப் போகாது. உப்புநீர் அதை விழுங்கிவிடும். அதனால்தான் கடலடி உணரிகள் ஒலியால் பேசுகின்றன. ஒலியோ நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர்தான் செல்லும். வானொலி அலையைவிட ஏறத்தாழ 2 லட்சம் மடங்கு மெதுவு. போதாக்குறைக்கு, சிங்கப்பூர்க் கடலில் சொடுக்கு இறால்களின் ஓயாத 'பட் பட்' சத்தம் வேறு!

எது குறுகிய வழி என்று உணரிகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருந்தால், பதில் வருவதற்குள் நீரோட்டம் அவற்றை நகர்த்திவிடும். 2008இல் வெளிவந்த ஆழம்சார் வழிமுறை இதற்கு எளிய விடை சொன்னது: செய்தியை அனுப்பிய உணரியைவிட நீ மேலே இருந்தால், வாங்கி அனுப்பு, இல்லையேல் சும்மா இரு. ஆழத்தை அறிய ஓர் அழுத்தமானி போதும்.

அழகான விதிதான். ஆனால் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மேற்பரப்பை ஒட்டிய உணரிகளே எல்லாச் சுமையையும் தூக்குகின்றன. அவற்றின் மின்கலத்தை மாற்ற யார் முக்குளிப்பது? அவை அணைந்துவிட்டால், கீழே நன்றாக இருப்பவையும் ஊமையாகிவிடும். ஆழத்தோடு மின்கலத்தில் மீதமுள்ள ஆற்றலையும் பார்த்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்தி சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை என்பேன்.

சுனாமி எச்சரிக்கை மட்டும் விதிவிலக்கு. அதற்காக எந்த மின்கலத்தையும் காலி செய்யலாம். 2004இல் பினாங்குக் கரையைச் சுனாமி தாக்கியபோது, இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே இல்லை.