கேனின் பின்பக்கம்

"டீசல் வண்டின்னா ஆயில் கெட்டியா இருக்கணும்ணே." வடசென்னையில் வேன் ஓட்டுகிற பலருடைய தீர்மானமான முடிவு இது. காசிமேட்டில் மீன் ஏற்றும் வேன், ராயபுரத்தில் லோடு அடிக்கும் குட்டியானை, எண்ணூர்க் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் ஆள் ஏற்றும் வேன் என்று எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஷெட்டில் இரண்டு சொட்டு ஆயிலை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார்கள். பிசுபிசுப்பாக இருந்தால் நல்ல ஆயில். இந்த நம்பிக்கையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது உருவான காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகு டீசல் மாறிவிட்டது, இஞ்சினும் மாறிவிட்டது. அந்தச் சேதியை ஷெட்டுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

அந்த மாற்றத்தில் ஒரு பகுதி நம் பக்கத்திலேயே, மணலி சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது. தொண்ணூறுகளில் டீசலில் கந்தகம் பத்து லட்சம் பங்குக்கு ஆயிரக்கணக்கில் இருந்தது. சென்னையில் 2005-ல் அதன் உச்சவரம்பு 350 ஆனது, 2010-ல் 50, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வெறும் 10. கந்தகம் எரிந்தால் இஞ்சினுக்குள் அமிலம் உண்டாகும். அதை முறிக்கத்தான் அந்தக் கால டீசல் ஆயிலில் கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த காரப்பொருள்களைத் தாராளமாகக் கலந்தார்கள். ஆயிலில் கொஞ்சம் எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். அப்படி எரியும்போது இந்த உலோகங்கள் சாம்பலாகும். பழைய வண்டியில் அந்தச் சாம்பல் சைலன்சர் வழியே வெளியே போய்விட்டது. யாருக்கும் கவலையில்லை.

பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் சைலன்சருக்கு முன்னால் டி.பி.எஃப். என்கிற வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சூடு சுமார் 600 டிகிரிக்கு ஏறும்போது அதை எரித்துத் தள்ளுவது அதன் வேலை. கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. விறகடுப்பு வைத்த வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். அதிகச் சாம்பல் தரும் ஆயிலை ஊற்ற ஊற்ற வடிகட்டியின் நுண்துளைகள் ஒவ்வொன்றாக அடையும். முதலில் மைலேஜ் குறையும், பிறகு இழுவை போகும், கடைசியில் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்த வடிகட்டியை மாற்ற ஆகும் செலவு ஒரு வேன் குடும்பத்தின் பல மாத மிச்சத்தைத் தின்றுவிடும். ஆயிலில் மிச்சம் பிடித்த காசு அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

ஆகவே கேனைத் திருப்புங்கள். காலடிப்பேட்டைக் கடை ஒன்றில் ஒரே கம்பெனியின் இரண்டு கேன்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே லாரிப் படம், முன்பக்கம் இரண்டிலும் 15டபிள்யூ-40. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒன்றில் ஏ.பி.ஐ. சி.ஐ.-4, மற்றதில் சி.கே.-4. விஷயம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் இஞ்சினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. சி.ஐ.-4 என்பது 2002-ல் வந்த தரம், அதில் சாம்பலுக்கு வரம்பு கிடையாது. 2016 கடைசியில் வந்த சி.கே.-4-ல் சாம்பல் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சில சிறிய வேன்களுக்குக் கையேடு இன்னும் கறாராக, ஏ.சி.இ.ஏ. சி-3 போன்ற ஐரோப்பியத் தரத்தைக் கேட்கும். அங்கே வரம்பு 0.8 சதவீதம். கையேட்டில் எந்த எழுத்து இருக்கிறதோ அதே எழுத்து கேனிலும் இருக்க வேண்டும். கம்பெனிப் பெயர் அதற்கு அப்புறம்தான்.

வடிகட்டி இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவர் பயந்துபோய் விலை கூடிய ஆயிலுக்குத் தாவ வேண்டாம். அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட கனத்தில் சி.ஐ.-4 தாராளமாகப் போதும். சி.கே.-4 ஊற்றினாலும் கெடுதல் இல்லை. பழைய தர ஆயிலைப் புது வண்டியில் ஊற்றுவதுதான் வில்லங்கம்.

கனம் பற்றி ஒரு வார்த்தை. 5டபிள்யூ-30 என்பதைப் பார்த்ததும், "நம்ம ஊர்ல பனியா கொட்டுது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. நம் மார்கழிக்கு 15 என்பதே அதிகப்படி. ஆனால் பின்னால் வரும் 30, 40 என்பது நூறு டிகிரிச் சூட்டில் ஆயிலின் கனம். புது இஞ்சினின் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், டர்போ எல்லாமே அந்தக் கனத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 30 கேட்கும் இஞ்சினுக்குக் கெட்டியாக இருக்கட்டும் என்று 40 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். அந்தச் சில விநாடிகளில்தான் தேய்மானம் அதிகம்.

சரியான ஆயிலே வாங்கிவிட்டோம், எப்போது மாற்றுவது? எல்லோரும் கிலோமீட்டர் கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கணக்கு ஏமாற்றும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டினால், அதன் பின்னால் மாட்டிய வேனும் இஞ்சினை அணைக்காமல் அங்குலம் அங்குலமாக நகர வேண்டியதுதான். மீட்டர் நகராது, இஞ்சின் ஓடும். ஒரு மணி நேர ஐட்லிங்கைச் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்குப் போடும் தயாரிப்பாளர்கள் உண்டு. தினமும் மூன்று மணி நேரம் நின்றால், மீட்டரில் ஏறாத 120 கிலோமீட்டர் ஆயில் மேல் ஏறுகிறது. கையேட்டில் தூசி, நெரிசல், நீண்ட ஐட்லிங் ஆகியவற்றுக்கென்று குறைந்த இடைவெளி தனியாகப் போட்டிருப்பார்கள். நமக்கு அந்த வரிதான் பொருந்தும். நிலக்கரித் தூசும் லாரிப் புழுதியும் பறக்கிற சாலையில் ஏர் ஃபில்டரையும் அதே கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

நின்று ஓடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வடிகட்டி தேவையான சூட்டுக்கு வரவே வராது. அதைச் சூடாக்க இஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். காலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஏறியிருந்தால், மோந்தால் டீசல் வாடை அடித்தால், கிலோமீட்டர் என்ன சொன்னாலும் உடனே மாற்ற வேண்டும். ஆயில் கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. அது நீர்த்துப்போன ஆயில். கறுத்திருப்பது வேறு விஷயம். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரம் கறுப்பது, கரியைத் தன்னோடு சுமந்து இஞ்சினைச் சுத்தமாக வைத்திருப்பதற்கான அடையாளம். வாரம் ஒருமுறை மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டினால் வடிகட்டியில் சேர்ந்த கரி தானாகவே எரிந்துவிடும். லோடு கிடைத்தால் அந்த வழியாகவே போகலாம்.

காலி கேனை அப்படியே காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஓட்டை போட்டுப் போடுங்கள், இல்லையென்றால் அதே கேன் போலி ஆயிலோடு திரும்பி வரும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடும் ஷெட்டில் வண்டியே விடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயை எண்ணூர் மீனவர்கள் வாளியிலும் குவளையிலும் அள்ளியதைப் பார்த்த ஊர் இது. பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குத்தான் போக வேண்டும்.

வண்டிக் கம்பெனிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இங்கே பல வேன்கள் கைமாறி, கைமாறி ஓடுகின்றன. மூன்றாவது கைக்கு வண்டி வரும், கையேடு வராது. பானெட்டின் உள்பக்கம், அழியாத தகட்டில், எந்த ஆயில், எத்தனை லிட்டர், நின்று ஓடும் வண்டிக்கு எப்போது மாற்ற வேண்டும் என்று தமிழில் பொறித்துத் தரட்டும். டயர் காற்றழுத்தத்தைக் கதவோரம் ஒட்டித் தருகிறவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.