வலி நம் தலையெழுத்தா?



உங்கள் வீட்டில் இப்போது வலியோடு இருப்பவர் யார்? ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். செம்பனைக் குலை வெட்டி வெட்டித் தோள்பட்டை இறங்கிப்போன அப்பாவா? பால்மரத்தடியில் குனிந்து குனிந்து இடுப்பு விழுந்துபோன பாட்டியா? தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் அம்மாவா? லோரி ஓட்டும் அண்ணனா? இப்படி ஒருவர் இல்லாத வீட்டை நம் சமூகத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் என்ன? "வயசானா அப்படித்தான்." "தைலம் தேய்ச்சிட்டுப் படுங்க." நாற்பது வயதுக்காரரிடமும் இதையேதான் சொல்கிறோம். தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் பிரட்டுக்கு ஓடிய தலைமுறையிடமிருந்து வந்த பழக்கம் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நாம் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டோம். டிரெஸ்ஸர் வரவில்லை, பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்கிறார்கள். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் ஓயாமல் அபாய மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதவருக்கும் தாங்க முடியாத வலி இருக்கிறது. முதுகெலும்புத் தேய்மானம் படத்தில் தெளிவாகத் தெரியும் இன்னொருவர் வலியே இல்லாமல் நடமாடுகிறார். "படத்தில் ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால் நீங்கள் நடிக்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. முதலாளிக்கும் இது தெரிய வேண்டும், மாமியாருக்கும் தெரிய வேண்டும்.

இதில் நமக்கு உரிமை உண்டா? உண்டு. காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவதாகக் கேட்டுப் பதிய வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2008-ஆம் ஆண்டிலேயே அரசாங்க மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று தாதி கேட்பது அதனால்தான். நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள்? "பரவாயில்லைம்மா, கொஞ்சம்தான்." மரியாதைக்குச் சொன்ன அந்த வார்த்தை உங்கள் கார்டில் இரண்டு என்று ஏறிவிடுகிறது. உள்ளதைச் சொல்லுங்கள். எண் சொல்லத் தெரியாவிட்டால் எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள்: பத்து நிமிடம் நிற்க முடியவில்லை, இரவில் நான்கு முறை விழிக்கிறேன், பேரனைத் தூக்க முடியவில்லை. ஓர் எண்ணை விட இது மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இனி, நம் மக்கள் அதிகம் ஏமாறும் இடத்துக்கு வருவோம். பாசார் மாலாமில், கோயில் திருவிழாக் கடைகளில், தெரிந்தவர் மூலமாக, இப்போது கைப்பேசியிலும் வருகிறது அந்தப் பொட்டலம். கறுப்பு உருண்டை, பழுப்புத் தூள், சிறு குப்பி. "சுத்த மூலிகை, பக்கவிளைவே கிடையாது" என்பார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பில் தெம்பு வந்ததுபோல் இருக்கும். அவ்வளவு சீக்கிரம் வேலை செய்வதுதான் சந்தேகப்பட வேண்டிய விஷயம். இத்தகைய வலி மருந்துகளில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பி வட்டமாகும், வயிறு பெருக்கும், தோல் மெலிந்து தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகும், எலும்பு பலவீனமாகும். சர்க்கரை எகிறும். இந்த நாட்டில் நீரிழிவு இந்தியரிடையேதான் அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நீரிழிவு உள்ள வீட்டில் இந்தப் பொட்டலம் நுழைவது, எரிகிற அடுப்புப் பக்கத்தில் மண்ணெண்ணெய் வைப்பது போல.

மிக முக்கியமான ஒன்று. வீட்டில் யாராவது இதை நெடுநாளாகச் சாப்பிட்டு வந்தால், இதைப் படித்த பயத்தில் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.

எதையும் வாங்குமுன் மேலட்டையில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, ஹோலோகிராம் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் எண்ணின் கடைசியில் 'டி' எழுத்து வரும். போலி எண் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

கடையில் வாங்கும் வலி மாத்திரைகளும் சாதாரணமல்ல. டைக்குளோஃபினாக் போன்றவற்றைத் தினமும் போட்டுக்கொண்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குப் பாதிப்பு இரட்டிப்பு. டயாலிசிஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்படியென்றால் எங்கே போவது?

முதலில் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்கு 1 வெள்ளி. காத்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் அங்கிருந்துதான் நிபுணரிடமும் பிசியோதெராப்பிக்கும் கதவு திறக்கிறது. பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மலாய் தடுமாறினால் இந்த இரண்டு வரி போதும்: "சாக்கிட் பிங்காங், சூடா தீகா பூலான். போலே பாகி சூராட் ருஜுக்கான்?" இடுப்பு வலிக்குப் பதில் முழங்கால் என்றால் 'லூத்துட்', தோள் என்றால் 'பாஹு'. நிபுணர் கிளினிக்கில் ஒரு வருகைக்கு 5 வெள்ளிதான். சில பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் வலிக்கென்றே தனி கிளினிக் உண்டு. செலாயாங் மருத்துவமனையில் 2002-இல் 'மெனாங்' என்ற இரண்டு வாரப் பயிற்சி தொடங்கப்பட்டது. வலியைப் புரிந்துகொள்வது, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை அசைத்துப் பழக்குவது, தூக்கத்தையும் மனச்சோர்வையும் சரிசெய்வது, மாத்திரையைக் குறைப்பது என்று குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்திருந்ததாக 2012-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அற்புத மருந்து எதுவும் அதில் இல்லை. நம்பத்தகுந்த சிகிச்சை பெரும்பாலும் இப்படி மெதுவாகத்தான் இருக்கும்.

பிசியோதெராப்பிக்கு இரண்டு முறை போய்விட்டு "ஒண்ணும் ஆகலை" என்று நிறுத்திவிடுபவர்கள் நம்மில் நிறைய. அங்கே சொல்லித்தரும் பயிற்சியை வீட்டில் தினமும் செய்வதுதான் சிகிச்சை. முதல் வாரங்களில் வலி சற்றுக் கூடினால் பயந்து படுத்துவிடாதீர்கள், சிகிச்சையாளரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். படுத்தே கிடந்தால் தசை கரையும், வலி வேரூன்றும்.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்து வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

உருவிவிடுவதும் வைத்தியமும் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் 2007-இல் தொடங்கி, அரசாங்கமே சில மருத்துவமனைகளில் பாரம்பரிய உருவுதலையும் அக்குபஞ்சரையும் நாட்பட்ட வலிக்கு அளித்து வந்திருக்கிறது. கேள்வி ஒன்றுதான்: உங்கள் உடம்பில் கை வைப்பவர் பதிவு பெற்றவரா? மருத்துவர் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தில் பெயர் இருக்கும். பிசியோதெராப்பி செய்பவருக்கு 2016-ஆம் ஆண்டின் 774-ஆவது சட்டம், ஆயுர்வேதம், சித்த வைத்தியம், கைரோபிராக்டிக் செய்பவர்களுக்கு அதே ஆண்டின் 775-ஆவது சட்டம். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பேரங்காடியில் இலவசமாக முதுகைச் சோதித்துவிட்டு, "இருபது தடவைக்கு இன்றே கட்டினால் பாதி விலை" என்பவரிடம் மட்டும் பணப்பையைத் திறக்காதீர்கள். சேமநிதிப் பணத்தை இப்படிக் கொட்டிவிட்டு வரும் குடும்பங்களின் கோபம் நியாயமானது, ஆனால் போன பணம் திரும்புவதில்லை.

கடைசியாக சொக்சோ. சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அதைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்? வேலையிடத்தில் விழுந்தாலும், வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் விபத்துக்குள்ளானாலும் அது வேலை விபத்து. முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. கிடைத்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை தற்காலிக உதவித்தொகை உண்டு. பாரம் தூக்கித் தூக்கி வந்த முதுகுவலிகூடத் தொழில்சார்ந்த நோயாக ஏற்கப்படலாம். இதற்கெல்லாம் ஆதாரம் முதல் நாள் காகிதம்தான். விழுந்த அன்று சுளுக்கு எடுப்பவரிடம் போய்விட்டு ஆறு மாதம் கழித்து மருத்துவரிடம் போனால், "வேலையில் விழுந்தேன்" என்பதற்கு என்ன சாட்சி? அன்றே கிளினிக் போங்கள். எங்கே, எப்படி அடிபட்டது என்று கார்டில் எழுதச் சொல்லுங்கள். குத்தகையாளர் சந்தா கட்டாமல் விட்டிருந்தால் குற்றம் அவருடையது, அதற்காக நீங்கள் சொக்சோ படியேறாமல் இருந்துவிடாதீர்கள்.

சொக்சோவில் வேறு ஒன்றும் இருக்கிறது, நம்மில் பலர் கேள்விப்படாதது. 2007-இல் தொடங்கிய 'வேலைக்குத் திரும்பும் திட்டம்'. உங்களுக்கென ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டு சிகிச்சை, பயிற்சி, முதலாளியிடம் பேசி இலகுவான வேலை என்று கூடவே வருவார். மலாக்காவில் 2014-இல் திறக்கப்பட்ட சொக்சோ மறுவாழ்வு மையம் சந்தாதாரர்களுக்காகக் கட்டப்பட்டது. நம் சந்தாவும் அதில் இருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவக் குழுவின் முடிவு திருப்தியில்லையா? கடிதத்தில் உள்ள காலக்கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சுகாதார அமைச்சுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. பத்து வயதுப் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பாமல் மொழிபெயர்க்க அழைத்துவரும் பாட்டிகளை இன்னும் கிளினிக்குகளில் பார்க்கிறோம். தமிழர் அதிகமுள்ள வட்டாரங்களிலாவது தமிழ் பேசும் ஊழியர் இருக்க வேண்டும். வீட்டுப் பயிற்சித் தாள் தமிழில் வேண்டும். இந்த மண்ணிலேயே பிறந்தும் அடையாளப் பத்திரம் இல்லாததால் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கப்படும் நம்மவர்களுக்கு 1 வெள்ளிக் கிளினிக்கே எட்டாத தூரம். அவர்கள்தான் பொட்டலக்காரனிடம் முதலில் போய் விழுகிறார்கள். குடியுரிமை விவகாரம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இதைத் தள்ளிப்போட முடியாது. அதுவரைக்கும் மருத்துவக் கட்டணத்தில் அவர்களுக்கு விலக்கு அளிக்க வேண்டும்.