கிட்டாருக்கு அறை, குரலுக்குக் கொட்டகை

டொரன்டோ, மினியாப்போலிஸ் போன்ற நகரங்களில் குளிர்காலம் நெருங்கும்போது மின்கிட்டார் வாசிப்போர் வீடுகளில் ஓர் இடப்பங்கீடு நடக்கிறது. கிட்டார் உறையிலிடப்பட்டு அறைக்குள் வருகிறது. அதன் ஸ்பீக்கர்ப் பெட்டியோ சூடேற்றப்படாத கராஜுக்குப் போகிறது. 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கைக் கொண்ட பெட்டி ஏறத்தாழ 35 கிலோ எடையுள்ளது. சிறிய வீட்டில் அதற்கு இடமில்லை என்பது உண்மைதான். ஆயினும் இப்பங்கீட்டின் அடியில் ஒரு மதிப்பீடும் இருக்கிறது: கிட்டார் கருவி, பெட்டி வெறும் தட்டுமுட்டுச் சாமான். இம்மதிப்பீடு தவறானது என்பதே எமது கருத்து.

மின்கிட்டாரின் குரல் கடைசியில் பிறப்பது தாளிலிருந்து. ஸ்பீக்கரின் கூம்பு காகிதக்கூழால் ஆனது. அது அதிரும்போதுதான் கம்பியின் துடிப்பு நம் செவிக்கு எட்டும் ஓசையாகிறது. 1958இல் லிங்க் ரே தம் ஸ்பீக்கரில் பென்சிலால் துளையிட்டதையும், 1964இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் கூம்பைச் சவர அலகால் கீறியதையும் ராக் இசை வரலாறு மறக்கவில்லை. தாளைத் தொட்டதும் இசையே மாறியது. அத்தகைய தாளைத்தான் நாம் எலிகளின் பொறுப்பில் விட்டு வருகிறோம்.

குளிரை மட்டும் குற்றஞ்சாட்டுவது முறையன்று. உலர்ந்த, மாறாத குளிரைக் காகிதமும் மரமும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கேடு செய்வது ஈரமும் ஏற்ற இறக்கமும். பனி படிந்த கார் கராஜுக்குள் வந்து நிற்கிறது. பனி உருகி ஆவியாகிறது. அந்த ஈரம் குளிர்ந்து கிடக்கும் இரும்பின்மீது நீர்த்துளியாகப் படிகிறது. ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் அசையும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே துரு பிடித்தால் சுருள் உரசத் தொடங்கும். ஒட்டுப்பலகைப் பெட்டி ஓரளவு தாங்கும். மரத்தூள் அட்டைப் பெட்டி ஈரத்தில் உப்பினால் பழைய வடிவுக்குத் திரும்பாது. மேலே போர்த்திய வினைல் குளிரில் விறைத்து, சிறு இடிபட்டாலும் வெடிக்கும். எலிகளுக்கோ கூம்பின் தாள் கூடு கட்டும் பொருள்.

இதற்கென வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு உபாயங்களையும் நாம் ஏற்பதற்கில்லை. குளிர்காலம் முழுவதும் பிளாஸ்டிக்கால் இறுகச் சுற்றி வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. அவ்வப்போது சூடேற்றியைப் போட்டு அணைத்தால், எதை அஞ்சுகிறோமோ அந்த ஏற்ற இறக்கத்தையே நாம் வரவழைக்கிறோம்.

நாம் முன்வைப்பது எளிய வழி. பெட்டி வெளியே இருக்கட்டும். குரல் உள்ளே வரட்டும். பின்பலகையைக் கழற்றி, எந்தக் கம்பி எந்த முனைக்குரியது என்று குறித்துக்கொண்டு ஸ்பீக்கர்களை எடுத்துவிடலாம். ஒவ்வொன்றும் நான்கைந்து கிலோ. அலமாரியின் ஒரு தட்டு போதும். திருப்புளி நழுவிக் கூம்பைக் கிழித்துவிடாமல் கை நிதானம் வேண்டும், அவ்வளவே. வெற்றுப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் மரக்கட்டைகளின்மேல் ஏற்றி, காற்றுப் புகும் துணியால் மூடினால் போதுமானது.

கழற்ற மனமில்லாதோர், பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவரும் நாளிலாவது அவசரம் தவிர்க்க வேண்டும். குளிரில் இருக்கும்போதே பிளாஸ்டிக்கால் மூடிக் கொண்டுவந்து, ஒருநாள் பொறுத்துப் பிரித்தால் நீர்த்துளி உறையின்மீது படியுமேயன்றி ஸ்பீக்கரில் படியாது. அதுவரை வாசிக்கலாகாது.

கெட்டால் புதிது வாங்கலாமே என்போர் உண்டு. வாங்கலாம்; பழைய சட்டத்தில் புதிய கூம்பு பொருத்தித் தருவோரும் உள்ளனர். ஆனால் பல்லாண்டு அதிர்ந்து இளகிய தாளின் குரல் புதிய தாளுக்கு உடனே வருவதில்லை. தம் புத்தகங்களை ஈரக் கொட்டகையில் ஒருபோதும் வைக்காத வாசகருக்குத் தாளின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கருணையில் ஓர் அலமாரித் தட்டு, பாடுகிற தாளுக்கும் கிடைக்கட்டும்.