25,000 வோல்ட்டும் 325 வோல்ட்டும்

பழைய கணினித் திரையையோ தொலைக்காட்சிப் பெட்டியையோ வீட்டில் திறக்கப்போவதாக ஒரு மாணவர் சொன்னால், விவரம் அறிந்தவர்கள் முதலில் சொல்லும் எச்சரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: பிக்சர் டியூபின் மேலுள்ள ரப்பர் தொப்பியைத் தொடாதே, அங்கே 25,000 வோல்ட் இருக்கிறது. எச்சரிக்கை பொய்யன்று. வண்ணப் படக்குழாயின் நேர்மின்வாய் 20,000 முதல் 30,000 வோல்ட் வரையிலான அழுத்தத்தில்தான் இயங்குகிறது. ஆயினும் சித்தூர், திருப்பதிப் பகுதி வீடுகளின் மின்கம்பியமைப்பையும் இங்குள்ள கல்லூரி ஆய்வகங்களையும் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் என் கருத்து வேறு. நாம் அஞ்சவேண்டிய எண் அதுவன்று. உயிரைப் பறிக்கும் வாய்ப்பு மிகுந்த இடம் ரப்பர் தொப்பி அன்று; மின்கம்பி பெட்டிக்குள் நுழையும் மூலை. அங்கிருப்பது 325 வோல்ட் மட்டுமே.

கணக்கு எளிது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது சராசரி வழி வந்த மதிப்பு. அதன் உச்சம் ஏறத்தாழ 325. பெட்டிக்குள் நுழைந்ததும் நான்கு டயோடுகள் அதை நேர்மின்னாக்கி ஒரு பெரிய மின்தேக்கியில் நிரப்புகின்றன. அதன் கொள்ளளவு 220 மைக்ரோஃபாரட் எனக் கொண்டால், தேங்கும் ஆற்றல் சுமார் 11.6 ஜூல். படக்குழாயும் ஒரு மின்தேக்கிதான்: உள்ளேயும் வெளியேயும் கரிப்பூச்சு, நடுவே கண்ணாடி. அதன் கொள்ளளவு 2 நானோஃபாரட் அளவில்தான் இருக்கும். 25,000 வோல்ட்டில் அது சேமிப்பது 0.6 ஜூல். அச்சுறுத்தும் எண்ணைக் காட்டிலும் அடக்கமான எண்ணின் பின்னால் 18 மடங்குக்கு மேல் ஆற்றல் நிற்கிறது.

ஆற்றல் கணக்கோடு விஷயம் முடிந்துவிடவில்லை. தேங்கிய மின்னூட்டம் கணத்தில் தீர்ந்துவிடும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் தீராது. வேலை செய்பவரின் உடல்தடை 1,000 முதல் 2,000 ஓம் எனில், 230 வோல்ட்டில் 115 முதல் 230 மில்லிஆம்பியர் பாயும். அதில் பாதியளவு மின்னோட்டம் ஒரு வினாடிக்கு மேல் மார்பின் வழியே சென்றாலே இதயக் கீழறை நடுங்கத் தொடங்கும் அபாயம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து அறிக்கைகளில் மின்தாக்கி இறப்போர் எண்ணிக்கை ஆண்டுக்கு 10,000-ஐத் தாண்டுகிறது. அவர்களுள் எத்தனை பேர் பழுதுபார்க்கும் மேசையில் இறந்தார்கள் என்பதை அந்த அட்டவணை பிரித்துக் காட்டுவதில்லை.

இங்கே பாடநூல்கள் விட்டுவிடும் ஒரு செய்தி இருக்கிறது. இந்தப் பெட்டிகளின் மின்வழங்கிப் பலகை இரு நாடுகளாகப் பிரிந்தது. ஒரு பக்கம் ‘ஹாட்’, மறுபக்கம் ‘கோல்டு’. நடுவே ஃபெரைட் மின்மாற்றி எல்லைக்கோடு. ஹாட் பக்கத்தில் ‘கிரவுண்டு’ என்று குறிக்கப்பட்டிருப்பது பூமியன்று. டயோடுகளுக்குப் பின்னாலுள்ள எதிர்முனை அது. பூமியை ஒப்பிட ஒவ்வொரு சுழற்சியிலும் உயிருள்ள கம்பிதான். வெறுங்காலுடன் சிமெண்ட் தரையில் நின்று, அதனோடு இணைந்த ஹீட் சிங்கை விரலால் தொட்டுச் சூடு பார்ப்பவருக்கு 25,000 வோல்ட் தேவையே இல்லை. பழைய மலிவான தொலைக்காட்சிகள் சிலவற்றில் பலகை முழுவதுமே ஹாட்.

ஆய்வகத்தில் இதே பிழை படித்தவர் கையால் நிகழ்கிறது. ஹாட் கிரவுண்டில் சி.ஆர்.ஓ.வின் தரைக் கவ்வியை மாட்டினால் அது பூமியோடு குறுக்கிணைந்து ஃபியூஸ் வெடிக்கும். அதைத் தவிர்க்க நம்மில் பலர் கண்டுபிடித்த ‘தீர்வு’, சி.ஆர்.ஓ.வின் மூன்றாவது பின்னை ஒடித்துவிடுவது. அதன்பின் ஃபியூஸ் வெடிக்காது, சி.ஆர்.ஓ.வின் உலோக உடலே மின்னேறி நிற்கும். மூன்றாம் பின் இல்லாத சி.ஆர்.ஓ.வை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களில் கண்டிருக்கிறேன். அது ஏன் ஒடிக்கப்பட்டது என்று அங்கிருந்தவர்களுக்கு நினைவில்லை.

இனி, நம் ஊர் மெக்கானிக்கின் பெருமைக்குரிய கருவியான சீரியல் பல்பு. பழுதான பெட்டிக்கும் மின்சாரத்துக்கும் இடையே தொடராக 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டுவார்கள். உள்ளே குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், டிரான்சிஸ்டர் பிழைக்கும். அருமையான ஏற்பாடு, பெட்டியைக் காப்பதற்கு. மனிதனை அது காக்காது. குளிர்ந்த நிலையில் அந்த இழையின் தடை 40 ஓம் அளவுதான். 1,500 ஓம் உடலுக்கு முன்னால் அது ஒரு தடையே அல்ல. ஆனால் பல்பு மாட்டியிருக்கிறது என்ற தைரியத்திலேயே கை உள்ளே போகிறது. மனிதனைக் காப்பது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சுற்றிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பூமியோடு உள்ள தொடர்பை அது அறுத்துவிடும். அதன் பின்னும் இரு கைகளால் இரு முனைகளைத் தொட்டால் தாக்கும், ஆர்.சி.சி.பி.யும் அப்போது விழாது, ஏனெனில் கையிலிருந்து கைக்குப் பாயும் மின்னோட்டத்தை அது அறியாது. பழைய மெக்கானிக்குகள் ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை செய்ததன் பொருள் இதுதான்.

உயர் அழுத்தப் பக்கத்தைக் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் எண்ணவேண்டாம். அந்தத் தாக்குதல் பெரும்பாலும் கொல்வதில்லை. இதய நோயாளிக்கு அந்த உறுதியும் இல்லை. கை தன்னிச்சையாக உதறும், தகரத்தின் விளிம்பில் கிழியும், குழாய் நழுவும். 14 அங்குலக் குழாயின் முகப்பின்மீது காற்று செலுத்தும் விசை ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமம், உள்ளே வெற்றிடம். மெல்லிய கழுத்து முறிந்தால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை. மின்னிறக்கம் செய்யும்போது கம்பியைக் குழாயின் வெளிப்பூச்சைத் தழுவிச் செல்லும் பின்னல் கம்பியில்தான் கட்டவேண்டும். பலகையின் ஏதோ ஒரு மூலையில் கட்டினால் நுண்சுற்றுகள் கருகும். ஒருமுறை இறக்கினால் போதாது. கண்ணாடி தான் உறிஞ்சிவைத்த மின்னூட்டத்தைச் சில நிமிடங்களில் திருப்பித் தரும். 325 வோல்ட் மின்தேக்கியைத் திருப்புளியால் குறுக்கிணைப்பதும் வீரமன்று. 2,200 ஓம், 10 வாட் தடை ஒன்றை மூன்று வினாடி பிடித்து, பிறகு மல்டிமீட்டரால் அளந்து பார்த்தால் போதும்.

‘இன்று யாரிடம் இந்தப் பெட்டிகள் இருக்கின்றன?’ என்று கேட்கலாம். ரேணிகுண்டா பக்கம் தட்டைத் திரைத் தொலைக்காட்சிகள் உற்பத்தியாகும் காலம் இது. ஆனால் தமிழ்நாடு அரசு 2006 முதல் 2011 வரை வீடுகளுக்கு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் குழாய்ப் பெட்டிகளே. வேலூர்ப் பக்கம் மட்டுமன்றி, உறவுவழி எல்லை தாண்டிச் சித்தூரிலும் நகரியிலும் அவற்றைப் பார்க்கலாம். கல்லூரிகள் எடைக்குப் போட்ட மானிட்டர்களை மாணவர்கள் விளையாட்டுக்கும் மினி புராஜெக்டுக்கும் வாங்கிப் போகிறார்கள். தெலுங்கும் தமிழும் கலந்து திட்டியபடியே கற்றுக்கொடுத்த மெக்கானிக் தலைமுறை கடையை மூடிவிட்டது. காணொளிகள் கையை எங்கே வைக்கவேண்டும் என்று காட்டுகின்றன. மற்றொரு கை எங்கே இருக்கவேண்டும் என்பது சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இதற்குத் தடைதான் வழி என்று சொல்லும் பேராசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழுதுபார்க்கும் பழக்கம் ஏழை வீட்டின் பொருளாதாரம். மாணவரின் முதல் ஆய்வகமும் அதுவே. மேலும் அதே 325 வோல்ட் செல்பேசி சார்ஜரிலும், கணினியின் மின்வழங்கியிலும் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்போ இன்னும் கொடியது: சுமார் 2,000 வோல்ட்டோடு, கொல்லப் போதுமான மின்னோட்டத்தையும் தாராளமாகத் தரும் மின்மாற்றி அதிலுண்டு. அதையும் மாணவர்கள் திறக்கத்தான் போகிறார்கள்.

சட்டத்தின் நிலை விந்தையானது. 2016-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் கல்வி நிறுவனங்களைப் பெயர் சொல்லியே மொத்த நுகர்வோரில் சேர்த்தன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள 2022-ஆம் ஆண்டு விதிகள் 1,000 கருவிகள் என்ற எண்ணளவை வைத்தன. சிறு கல்லூரிகள் பல அந்த வரையறைக்கு வெளியே நின்றுவிடும். தாமிரக் கம்பிக்காகக் கழுத்து உடைக்கப்பட்டு, ஈயம் கலந்த கண்ணாடி சாலையோரம் கிடப்பது தனிக் கட்டுரைக்குரியது.

சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்களிலும் உள்ள இயற்பியல், மின்னணுவியல் துறைகளிடம் நான் கேட்பது மூன்று. எடைக்குப் போடும் ஒவ்வொரு மானிட்டரின் மின்கம்பியையும் அறுத்துவிட்டு அனுப்புங்கள். ஆய்வகத்துக்கு ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். அதன் முன் மாணவரை உட்காரவைத்து ஹாட் எல்லைக்கோட்டை விரலால் அல்ல, பென்சிலால் காட்டச் சொல்லுங்கள். ஒடித்த மூன்றாம் பின்களை இந்தப் பருவத் தேர்வுக்கு முன் மாற்றுங்கள். எந்தத் துறையிலாவது இவை ஏற்கெனவே நடக்கின்றன என்றால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். செய்முறைக் குறிப்பேடு இருந்தால் படமெடுத்து இடுங்கள். தெலுங்கில் மொழிபெயர்த்துத் தர இரு நண்பர்கள் முன்வந்திருக்கிறார்கள்.