பில்லைக் கிழித்துப் போடலாமா? எக்ஸ்எம்எல்லும் டேட்டாபேஸும், ஒரு பி.காம் பார்வை

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் "எக்ஸ்எம்எல்லை டேட்டாபேஸில் வைப்பது எப்படி" என்று தலைப்பு போட்டால், கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க மட்டும்தான் போவாங்க. நம்ம பி.காம் கோஷ்டி "நமக்கு எதுக்குப்பா அது" என்று கேண்டீன் பக்கம் ஒதுங்கிடும். என்னைக் கேட்டால் அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார வேண்டியதே நாமதான். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதலில் எக்ஸ்எம்எல் என்றால் என்ன? தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிடலாம். 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட ஒரு எழுத்து முறை. ஒவ்வொரு தகவலையும் அதன் பெயரோடு சேர்த்து எழுதுவது, அவ்வளவுதான். தமிழிலேயே எழுதலாம்:

<பில்><விற்றவர்>கடலூர் மொத்தக் கடை</விற்றவர்><பொருள்>சோப்பு</பொருள்><விலை>1000</விலை></பில்>

இது நம்ம படிப்புக்குள் எப்பவோ வந்தாச்சு. டேலியில் உள்ள வவுச்சர்களை எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுக்கலாம், உள்ளேயும் ஏற்றலாம். 2011-இல் கம்பெனி விவகார அமைச்சகம், பட்டியலிடப்பட்ட கம்பெனிகளும் 5 கோடி மூலதனம் அல்லது 100 கோடி விற்றுமுதல் உள்ள கம்பெனிகளும் நிதிநிலை அறிக்கையை எக்ஸ்பிஆர்எல் முறையில் தர வேண்டும் என்றது. அந்த எக்ஸ்பிஆர்எல், எக்ஸ்எம்எல்லின் மேல் கட்டியதுதான். ஆதாரின் ஆஃப்லைன் கேஒய்சி கோப்பும் டிஜிட்டல் கையெழுத்து போட்ட எக்ஸ்எம்எல்தான்.

சரி, இப்படி வரும் கோப்பை டேட்டாபேஸில் எப்படி வைப்பது? இங்கேதான் சண்டை. ஒரு கட்சி சொல்வது: "கோப்பை உடை. விற்றவர் ஒரு டேபிள், பொருள் ஒரு டேபிள், வரி ஒரு டேபிள். உடைத்தபின் கோப்பைத் தூக்கிப் போடு." 1970-இல் காட் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த டேட்டாபேஸ் மரபு இவர்களுக்குத் துணை. இன்னொரு கட்சி சொல்வது: "உடைக்காதே, அப்படியே போடு." இவர்களுக்காகவே எஸ்க்யூஎல் சர்வர் 2005-இலும், 2006-இல் வந்த டிபி2-வின் 9-ஆம் பதிப்பிலும், 2008-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 8.3-இலும் எக்ஸ்எம்எல்லுக்கு என்று தனி வகையே கொடுத்தார்கள்.

நம்ம ஊர்க் கதையாகவே பார்ப்போம். தவளக்குப்பத்தில் ஒரு மளிகைக் கடை. தெற்கே முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. கடலூரில் சரக்கு எடுத்தால் அது மாநிலம் விட்டு மாநிலம், பில்லில் ஐஜிஎஸ்டி ஒரே வரியாக வரும். 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் காரைக்காலில் எடுத்தால் அது நம்ம புதுச்சேரிக்குள்ளேயே, சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரி. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே தெரியும்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34.

கடைக்காரரின் சாஃப்ட்வேர் இந்த பில்களை உடைத்து "மொத்த வரி" என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு மூலக் கோப்பை அழித்துவிட்டது என்று வையுங்கள். பில்லில் எந்த வரி இருந்தது என்று நாளைக்கு அதிகாரி கேட்டால், டேட்டாபேஸில் பதில் இல்லை. உடைத்தவர் எதைத் தேவை என்று நினைத்தாரோ அதுதான் மிச்சம். சட்டமோ, உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க பில் கையில் இருக்க வேண்டும் என்கிறது. ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் ஆவணங்களை வைத்திருக்கவும் சொல்கிறது. நஷ்டம் கடைக்காரருக்கு, புரோகிராம் எழுதியவருக்கு இல்லை.

என் கட்சி என்ன? இரண்டும் வேண்டும். இதை நமக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள்: வவுச்சர் ஒரு பக்கம், லெட்ஜர் ஒரு பக்கம். லெட்ஜரில் எழுதிவிட்டோம் என்று வவுச்சரை யாரும் கிழித்துப் போடுவதில்லை. உடைத்த டேபிள்கள் லெட்ஜர், கணக்குப் பார்க்க, தேட, கூட்ட. மூலக் கோப்பு வவுச்சர், சாட்சி சொல்ல.

"ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டும் வேறு வேறாகிவிடாதா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லெட்ஜரும் வவுச்சரும் முரண்பட்டால் எதை நம்புவது என்பதில் நமக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. வவுச்சர்களை வைத்து லெட்ஜரைத் திரும்ப எழுதலாம். லெட்ஜரை வைத்து வவுச்சரை உண்டாக்கினால் அதற்குப் பெயரே வேறு!

இதில் ஒரு நுணுக்கம். எஸ்க்யூஎல் சர்வரின் எக்ஸ்எம்எல் வகை எழுத்துக்கு எழுத்து அதே கோப்பைத் திருப்பித் தராது. பொருளைக் காப்பாற்றும், சில இடைவெளிகளையும் பண்புகளின் வரிசையையும் விட்டுவிடும். சட்ட ஆவணம் போல அச்சு அசலான நகல் வேண்டுமென்றால் சாதா எழுத்து வகையிலோ பைனரியிலோ வை என்று மைக்ரோசாஃப்ட்டின் கையேடே சொல்கிறது. டிஜிட்டல் கையெழுத்து உள்ள கோப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். உடைத்துப் போட்ட துண்டுகளை வைத்துக்கொண்டு கையெழுத்தைச் சரிபார்க்க முடியாது.

"எக்ஸ்எம்எல் எல்லாம் பழசு, இப்ப ஜேசான் காலம்" என்று சிரிப்பவர்களுக்கும் ஒன்று. வருமான வரி ரிட்டர்ன் 2021-இல் ஜேசானுக்கு மாறியது உண்மைதான், ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸும் ஜேசான்தான். ஆனால் கேள்வி மாறவில்லை. போஸ்ட்கிரெஸில் "ஜேசான்" என்ற வகை வந்த எழுத்தை அப்படியே வைக்கும். "ஜேசான்பி" தேடுவதற்கு வேகம், ஆனால் இடைவெளியும் வரிசையும் போய்விடும். அதே வவுச்சர், அதே லெட்ஜர்.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் பதிவாக வேண்டும், அந்தத் தடத்தை அணைக்கவும் முடியக் கூடாது என்று விதி வந்தாச்சு. இப்படி ஒரு விதி ஏன் என்று புரோகிராம் எழுதுகிறவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? எதை வைக்கலாம், எதை அழிக்கலாம் என்ற முடிவில் பாதி கணக்குப் பிள்ளையின் வேலை.

சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இருக்கு, காஞ்சிபுரத்தில் இருக்கு, நம்ம புதுச்சேரியிலேயே கட்டற்ற மென்பொருள் இயக்கம் இருக்கு. அடுத்த தடவை இந்த மாதிரி தலைப்பு காதில் விழுந்தால் போய் உட்காருங்க. கோடு புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, ஒரிஜினல் பில் எங்கே?"

டேபிள் கட்சிக்காரர்கள் யாராவது இருந்தால் சண்டைக்கு வாங்க, காத்திருக்கேன் :-)