நாய்க்கு இங்கிலீஷ் எதற்கு?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இரண்டு அறை கொண்ட ஒரு வாடகை வீடு. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பத் தலைவர் பீனியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். மாலையில் வீடு திரும்பியதும் குட்டியைப் பார்த்து "சிட் டவுன்" என்று அதட்டுகிறார். பள்ளிக்கூடம் போகும் பையன் "சிட்" என்கிறான். மனைவி "உட்காருடா" என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி "சும்மா கெட" என்கிறார். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் வாசற்படியில் நின்று "கூத்கோ, கூத்கோ" என்கிறார். குட்டி ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. "இதுக்கு ஒண்ணும் ஏறாது, மக்கு நாய்" என்று ஒரே வாரத்தில் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

மக்கு யார் என்பதுதான் கேள்வி.

நாய்க்குக் கட்டளையிட ஆங்கிலமே ஏற்றது என்ற எண்ணம் பலரிடமும் ஊறிப் போயிருக்கிறது. பெங்களூரில் 1809-இல் கன்டோன்மென்ட் ஏற்பட்டது. துரைமார்கள் பங்களாக்களில் நாய் வளர்த்தார்கள். துரை வீட்டு நாய் துரை பாஷையைக் கேட்டு நடந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் அதனிடம் வேறு பாஷை பேசுவார் இல்லை, அவ்வளவுதான். துரை போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஜிம்மியும் டைகரும் ரோஸியும் இன்னும் போகவில்லை. போகட்டும், பெயர் எதுவானாலும் கெடுதல் இல்லை. கட்டளைதான் குழப்பமாகிறது. நாய்க்குப் பொருள் தெரியாது, ஓசைதான் தெரியும். "சிட்" என்பதும் "உட்கார்" என்பதும் அதற்கு இரண்டு வெவ்வேறு சத்தங்கள். ஒரே காரியத்துக்கு ஐந்து சத்தம் போட்டால் எந்தப் பிராணிக்கும் விளங்காது. பாட்டியையும் சேர்த்து வீட்டில் எல்லோர் வாயிலும் இயல்பாக வரக்கூடிய சொல் எதுவோ அதுவே சிறந்தது. தமிழ் வீட்டில் அது தமிழாக இருப்பதில் என்ன குறைவு?

வா, உட்கார், இரு, விடு, வேண்டாம். இந்த ஐந்து போதும். "உட்கார்" என்று முடிவு செய்தால் உட்காரு, உட்காந்துக்கோ, உக்காருப்பா எல்லாம் கூடாது. "வா" என்பதில் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் நாள் முழுவதும் யாரையாவது யாராவது "வா" என்று அழைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆகவே பெயரைச் சேர்த்து "மணி, வா" என்று அழைப்பது நல்லது. வந்தால் தட்டிக் கொடுக்க வேண்டும். கூப்பிட்டு வரவழைத்து அடித்தால், அடுத்த முறை வராது. அப்படி வராத நாயை மக்கு என்று சொல்வதற்கில்லை.

உட்காரக் கற்பிப்பது மிக எளிது. விரல் நுனியளவு சப்பாத்தித் துண்டையோ வேகவைத்த கோழித் துண்டையோ குட்டியின் மூக்கருகே காட்டி, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டு போக வேண்டும். தலை நிமிரும்போது பின்புறம் தானாகத் தரையில் படியும். படிகிற அந்தக் கணத்தில் "உட்கார்" என்று ஒரே ஒரு முறை சொல்லி, உடனே துண்டைக் கொடுத்துவிட வேண்டும். பத்து வினாடி கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. சாப்பாட்டு வேளைக்கு முன்பு, பசியாக இருக்கையில், ஐந்து நிமிஷம் போதும். அதற்குமேல் குட்டியின் கவனம் நிற்காது. மனிதக் குட்டிக்கே நிற்பதில்லை. மிச்சமான சாம்பார் சாதத்தை வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு.

வாடகைக்குக் குடியிருப்போரை உண்மையில் படுத்துவது உட்காருவதோ எழுவதோ அல்ல, மூத்திரம்தான். வீட்டுக்காரர் முகம் சுளிப்பதும், லைன் வீடுகளில் சண்டை மூள்வதும், முடிவில் குட்டியை ஏதோ ஒரு ஏரிக்கரையில் கொண்டு விட்டுவிட்டு வருவதும் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது. இரண்டு மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஓடி விளையாடியதும் அதற்கு வந்துவிடும். அந்த வேளைகளில் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விட்டு, முடிந்ததும் அங்கேயே ஒரு துண்டு தின்னக் கொடுத்தால், சில வாரங்களில் பழகிவிடும். மாடியில் இருப்பவர்கள் ஒரு மூலையில் பழைய செய்தித்தாளை விரிக்கலாம். இந்தத் தாளே ஆனாலும் பாதகமில்லை. தவறிப் போய்விட்டால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதே புத்திசாலித்தனம். அதன் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மனிதர் கண்ணில் படாமல் ஒளிந்து போவதைத்தான் குட்டி அதிலிருந்து கற்றுக்கொள்ளும்.

இதற்கெல்லாம் பகலில் வீட்டில் ஆள் வேண்டும். கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிற வீட்டில் குட்டி வளர்க்க ஆசைப்படுவது நியாயமாகாது. கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். காலையிலிருந்து இரவு வரை சங்கிலியில் கட்டிப் போட்டுவிட்டு, ஓயாமல் குரைக்கிறதே என்று குறைப்படுவோரும் உண்டு. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960-இல் பிராணிவதைத் தடைச் சட்டம் வந்தது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும், வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்குச் சட்டத்தில் எழுதி வைத்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! அந்தத் தொகையைக் கண்டு இன்று யாரும் பயப்படப் போவதில்லை.

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. விற்பனை செய்வோருக்கு 2017-ஆம் ஆண்டு விதிகள் இதைக் கண்டிப்பாகச் சொல்கின்றன. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை கண்டு பழகியதெல்லாம் நாய்க்கு ஆயுளுக்கும் பழகியதாகிவிடும். குக்கர் விசில், மோட்டார் சைக்கிள், ஹெல்மெட் போட்ட ஆள், குடை, தவழும் குழந்தை எல்லாவற்றையும் அந்த நாட்களிலேயே தூரத்தில் இருந்து காட்டி, தின்னக் கொடுத்துப் பழக்க வேண்டும். தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்கி விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். மனிதரைக் கடிக்கும் நாய்களில் பல, பயந்து கடிப்பவையே. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்கிறபடி தொடர வேண்டும். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எந்த நாயாவது, வீட்டு நாயே ஆனாலும், பல்லோ நகமோ பட்டு இரத்தம் வந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் காரியமல்ல.

மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தர ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆனால் வீட்டார் கூட நின்று கற்றுக்கொள்ளாவிட்டால், நாய் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கும், வீட்டார் சொல்வதைக் கேட்காது. நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறாது என்பதும் வீண் பேச்சு. கர்நாடகத்தின் முதோள் நாய்கள் எல்லைப் பாதுகாப்புப் படையின் டேகன்பூர் நிலையத்தில் பயிற்சி பெற்றிருக்கின்றன. தெருவில் கிடக்கும் குட்டிக்கும் அதே மூக்கு, அதே காது, அதே பசிதான்.

வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதற்குத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டதென்னவோ உண்மை. அதைக் காட்டி வாதாடலாம். இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்குகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தக் காகிதம் செல்லாது. அவருக்கு வேண்டியது குரைக்காத நாய்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இன்னொரு சிக்கல் எழும். ரயிலில் நாயைக் கொண்டு போவது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாளிடம்தான் விட்டுப் போக வேண்டியிருக்கும். அந்த ஐந்து சொற்களையும் கன்னட எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். அவர் "உட்கார்" என்பதைக் கொஞ்சம் மாற்றித்தான் உச்சரிப்பார். இரண்டு நாளில் நாய் அதையும் பழகிக்கொள்ளும்.