அனுமதியும் அங்கீகாரமும்

‘இம்பிறிமாத்தூர்’ என்னும் இலத்தீன் சொல்லை ‘அங்கீகாரம்’ எனத் தமிழாக்குவோர் உளர். அது பிழையாகும். அப்பிழை சொல்லளவில் நின்றுவிடுவதுமன்று.

அச்சொல் பெயரன்று, வினைமுற்று. ‘அச்சிடப்படுக’ என்பதே அதன் பொருள். தமிழிலக்கணம் கூறும் வியங்கோளை ஒத்த வடிவம் அது. எந்நூலும் முன்னாய்வின்றி அச்சேறலாகாது என 1515 ஆம் ஆண்டில் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் விதித்தது. தணிக்கையாளர் ‘தடை யாதுமில்லை’ என எழுத, ஆயர் ‘அச்சிடப்படுக’ என இசைவளிப்பது கத்தோலிக்கத் திருச்சபையின் வழக்காயிற்று. இசைவளித்தவர் நூற்கருத்துக்கு உடன்பட்டவராகக் கொள்ளப்படலாகாது என்னும் குறிப்பு அத்தகைய நூல்கள் பலவற்றிற் காணப்படுகின்றது.

வரலாறும் இதனையே உணர்த்தும். கலிலியோவின் ‘உரையாடல்’ உரிய இசைவுகளுடனேயே 1632 இல் புளோரன்சில் வெளிவந்தது. மறு ஆண்டே ஆசிரியர் தண்டிக்கப்பட்டார், நூல் தடைசெய்யப்பட்டது. இசைவு நூலைக் காக்கவில்லை. தடை அதனைப் பொய்யாக்கவுமில்லை. 1687 இல் வெளிவந்த நியூற்றனின் ‘பிறின்சிப்பியா’வின் முகப்பில் இசைவளித்தவராக விளங்குபவர், அரச கழகத்தின் அந்நாளைத் தலைவர் சாமுவேல் பீப்ஸ். அவர் கடற்படை நிருவாகியேயன்றிக் கணிதவியலாளரல்லர். அந்நூலின் பெருமைக்கு அவ்வொப்பமா காரணம்?

இன்று ஆங்கிலத்திலேயே அச்சொல் ‘ஆதரவு’ என்னும் பொருளில் வழங்குகின்றதே என வாதிடுவர் சிலர். வழங்குவது உண்மையே. ஆயின், அவ்வழக்கு அதிகாரத்துக்கு அது என்றும் பெற்றிராத தகுதியொன்றைத் தேடிக்கொடுக்கின்றது. அனுமதி என்பது தடுக்க வல்லவர் தடுக்காது விடுதல். அங்கீகாரம் என்பது ஆராய்ந்தவர் தமதென ஏற்றல். முன்னையதற்கு முத்திரை போதும். பின்னையதற்குக் கல்வி வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கொள்பவர், முத்திரை பெற்றதெல்லாம் மெய்யென்றும் பெறாததெல்லாம் பொய்யென்றும் கருதும் நிலைக்குத் தாமாகவே இறங்குவர். பல்கலைக்கழகத்தில் இந்நிலை தோன்றுமாயின், ஆராய்ச்சிக்கு அங்கு வேலையில்லை.

மில்ற்றன் 1644 இல், முன்னிசைவு முறையைக் கண்டித்து ‘அரியோபகிற்றிக்கா’ என்னும் நூலை இசைவு பெறாமலே வெளியிட்டார். இங்கிலாந்தின் அவ்விசைவுச் சட்டம் 1695 இல் காலாவதியாயிற்று. அவர் நூலோ இன்றும் கற்கப்படுகின்றது. அதனை அங்கீகரித்தவர் அதிகாரிகளல்லர், வாசகரே.

ஆதலின், ‘இம்பிறிமாத்தூர்’ என்பதனை ‘அச்சிசைவு’ எனத் தமிழாக்குதலே தகும். அங்கீகாரம் என்னும் சொல் வாசகர்க்கு உரியது. அது அவர்க்கே விடப்படுக.